தைப்பூசத்தில் ஏறிய காலுக்கு மாடிப்படி ஏன் கனத்தது?

பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு 513 படி. தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கும் வருஷங்களில் வெறுங்காலோடு அத்தனையும் ஏறிவிடுவேன். மேலே போய் நிற்கும்போது "அதுக்குள்ள வந்துட்டோமா" என்றுகூட இருக்கும். அதே நான், எங்கள் பிளாட்டில் லிப்ட் கெட்டுப்போனால் எட்டாவது மாடிக்குப் போய்ச் சேர்வதற்குள் மாடிக்கு மாடி நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொள்வேன். கோயில் படியை முருகன் ஏற்றிவிடுகிறான், பிளாட் படிக்கு யார் வருவார் என்று வீட்டில் கேலி செய்வார்கள். நானும் சிரித்துவிட்டுப் போய்விடுவேன். உடற்பயிற்சி என்று ஒன்றை உருப்படியாகத் தொடங்கிய பிறகுதான், அந்தக் கேலிக்குள் நிஜமாகவே ஒரு கேள்வி உட்கார்ந்திருப்பது தெரிந்தது.

எனக்கு வயது நாற்பத்து மூன்று. பினாங்கின் தொழிற்பேட்டைப் பகுதியான பாயான் லெப்பாஸில் ஓர் எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் லைன் லீடர். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், பகலும் இரவும் மாறி மாறி வரும். அம்மாவுக்கு இனிப்பு நீர் (சர்க்கரை நோய்), பெரியம்மாவுக்கு இனிப்பு நீர், மாமாவுக்கு அதனால் ஒரு காலே போய்விட்டது. 2019-இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இந்த நோய் இருந்தது. எங்கள் குடும்பத்தில் மட்டும் கணக்கெடுத்தால் பாதிக்கு மேல் வரும். ஃபேக்டரியில் செய்த ரத்தப் பரிசோதனையில் என் அளவும் எல்லைக்கோட்டில் வந்து நின்றது. "மாத்திரை இப்ப வேணாம், முதல்ல உடம்ப அசைங்க" என்றார் டாக்டர்.

உடம்பை அசைப்பது பற்றிய அறிவுரைக்கு நம்மிடம் பஞ்சமே இல்லை. "மனசு வச்சா முடியும்" என்று சொல்லாத ஆள் கிடையாது. மனசு வைக்காமலா இருந்தேன்? ஜனவரி பிறந்தால் வைப்பேன். பொங்கல் முடிவதற்குள் வைத்த மனசு எங்கே போய்விடுகிறது என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. அப்புறம் "எனக்கு மன உறுதி பத்தாது" என்று ஒரு முடிவுக்கு வந்துவிடுவோம். அது ரொம்ப வசதியான முடிவு. அதற்கு மேல் எதையும் ஆராய வேண்டியதில்லை.

தைப்பூசத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். விரதம் பல நாள் முன்பே தொடங்கிவிடும். மரக்கறிச் சாப்பாடு, பாயில் படுக்கை, விடியற்காலைக் குளியல். ஒவ்வொன்றும் சின்னக் கட்டுப்பாடுதான். ஆனால் ஒவ்வொன்றையும் காப்பாற்றும்போது "சொன்னதைச் செய்தேன்" என்று மனதில் ஒரு வரவு விழுகிறது. அன்றைக்கு வழியெங்கும் தண்ணீர்ப் பந்தல், உறுமி மேளம், பக்கத்தில் சொந்தக்காரர்கள். எனக்கு முன்னால் என்னைவிட வயதான ஒரு பாட்டி ஏறிக்கொண்டிருப்பார். கூட்டம் நகரும் வேகத்தில்தான் நானும் நகர முடியும், அவசரப்பட இடமே இருக்காது. நெஞ்சு படபடத்தால் அது அருள், அதில் பயம் இல்லை. முதல் படியில் கால் வைக்கும்போது "என்னால் முடியுமா" என்ற கேள்விக்கு ஏற்கெனவே பதில் சொல்லியாகிவிட்டது. பிளாட் படியில் இதில் ஒன்றுகூடக் கிடையாது. கையில் பசார் பை, ஷிப்ட் முடிந்த கால், சீக்கிரம் போய் உலை வைக்க வேண்டுமே என்ற பரபரப்பு. முருகனை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவன் வேலையை எத்தனை பேர் பங்கு போட்டுக்கொள்கிறார்கள் என்றுதான் சொல்கிறேன்.

இப்படிப் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் என் பயிற்சியாளர். பினாங்கிலேயே ஜெலுத்தோங் என்ற இடத்தில் கடைவீட்டு மாடியில் சின்ன ஜிம் நடத்தும் தம்பி. விளையாட்டு அறிவியல் படித்தவர். ஆல்பர்ட் பண்டுரா என்ற உளவியல் அறிஞர் 1977-இல் எழுதிய கட்டுரையை, நான் தண்ணீர் குடிக்கும் இடைவெளிகளில் தவணை முறையில் சொல்லி முடித்தார். ஒரு குறிப்பிட்ட காரியத்தை என்னால் செய்ய முடியும் என்ற நம்பிக்கை நாலு வழியில் வருமாம். தானே செய்து பார்த்தது முதல் வழி. நாலிலும் வலுவானது அதுதான். தன்னைப்போன்ற இன்னொருவர் செய்வதைக் கண்ணால் பார்ப்பது இரண்டாவது. மற்றவர்கள் சொல்லும் ஊக்க வார்த்தை மூன்றாவது. நெஞ்சுத் துடிப்பு, மூச்சிரைப்பு, நடுக்கம் இவற்றுக்கு நாம் கொடுக்கும் அர்த்தம் நாலாவது. வார்த்தையால் மட்டும் வந்த நம்பிக்கை, ஒரு தடவை முயன்று முடியாமல் போனாலே கலைந்துவிடும் என்று பண்டுராவே எழுதியிருக்கிறார். ரோஜாப்பூ படத்தோடு காலையில் வாட்ஸ்அப்பில் வரும் தன்னம்பிக்கை வாசகங்கள் எல்லாம் இந்த மூன்றாம் வகை. ஜனவரியில் நான் வைத்த மனசும் அதே வகைதான்.

இந்தத் தம்பியிடம் வருவதற்கு முன் கொஞ்ச நாள் வேறொரு பெரிய ஜிம்மில் இருந்தேன். பெயர் வேண்டாம். சுவர் முழுக்கக் கண்ணாடி, காதைப் பிளக்கும் பாட்டு. அங்கிருந்த பயிற்சியாளர் பக்கத்தில் வந்து நின்று, "வலி எல்லாம் மனசுலதான்கா, தள்ளுங்க!" என்று கத்துவார். எனக்கு வலி வந்தது. அது மனசில் இல்லை, முழங்காலில்தான் இருந்தது. படி இறங்கவே பல வாரம் பிடித்தது. நம்பிக்கை என்ற பெயரில் உடம்பு சொல்வதைக் கேட்காதே என்று சொல்லும் ஆளை அதற்குப் பிறகு நான் பக்கத்தில் சேர்ப்பதில்லை.

ஜெலுத்தோங் தம்பி முதல் நாள் தூக்கச் சொன்ன எடை என் உடம்பு மட்டும்தான். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கை ஊன்றாமல் எழுந்திருக்க வேண்டும். எட்டு முறை.

"இவ்வளவுதானா தம்பி?"

"கஷ்டமா இருந்துச்சா அக்கா?"

"இல்லையே."

"அதை எழுதுங்க" என்று ஒரு நோட்டை நீட்டினார். பிள்ளைகள் பள்ளிக்குக் கொண்டுபோகும் சாதாரண நோட்டு, அட்டையில் வாய்ப்பாடு.

அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒரு பக்கத்தை அப்படியே தருகிறேன்: "நாற்காலி ஸ்குவாட், 6 கிலோ டம்பெல், 8 முறை, 3 செட். கடினம் 6. டெட்லிப்ட், 20 கிலோ, 8 முறை, 3 செட். கடினம் 7. கடைசி செட்டில் இடுப்பு வளைந்தது, தம்பி நிறுத்தினார். சுவரில் புஷ்-அப் 10. கடினம் 5. இரவு ஷிப்ட் முடிந்து வந்தது." அவ்வளவுதான். ஸ்குவாட் என்றால் உட்கார்ந்து எழுவது, டெட்லிப்ட் என்றால் தரையில் இருக்கும் எடையைத் தூக்கி நிமிர்வது, செட் என்றால் ஒரு சுற்று. உடம்பு எடை இல்லை, இடுப்பளவு இல்லை, "இன்று நன்றாகச் செய்தேன்" என்ற பாராட்டும் இல்லை. கடினம் என்பது ஒன்றிலிருந்து பத்துக்குள் நானே போடும் மதிப்பெண். பத்து என்றால் இனி ஒரு முறைகூட முடியாது என்று பொருள்.

எழுதுவதற்கு ஒரு விதி வைத்திருந்தார். கடினம் எட்டு வந்தால் நிறுத்து. அதாவது இன்னும் இரண்டு முறை செய்யத் தெம்பு இருக்கும்போதே எடையைக் கீழே வைத்துவிட வேண்டும். எனக்கு இது சோம்பேறித்தனமாகப் பட்டது. வியர்வை சொட்டச் சொட்ட விழுந்தால்தானே பயிற்சி? அவர் சொன்ன காரணம் வேறு. கடைசி முறை தடுமாறி விழுந்தால், அன்றைக்கு நீங்கள் வீட்டுக்குக் கொண்டுபோவது அந்த விழுந்த நினைவைத்தான். அடுத்த வாரம் அதே எடைக் கம்பிக்குப் பக்கத்தில் வரும்போது கால் தயங்கும். புதிதாக வருபவர் முதல் சில மாதத்தில் தோற்பதற்கு வாய்ப்பே இல்லாத மாதிரி எடையைப் போடுவதுதான் பயிற்சியாளருடைய வேலையில் பாதி என்றார். கேட்கச் சாதாரணமாக இருக்கும். ஆனால் இதைச் செய்யும் பயிற்சியாளர் அபூர்வம், ஏனென்றால் வாடிக்கையாளரைக் களைக்க வைப்பது சுலபம், பார்க்கவும் எடுப்பாக இருக்கும்.

நோட்டு வேண்டும் என்பதற்கு உடம்பிலேயே ஒரு காரணம் இருக்கிறது. எடைப் பயிற்சி தொடங்கிய முதல் சில வாரங்களில் பலம் கூடும், தசை கூடாது. மொரிட்டானி, டெவ்ரீஸ் என்ற இருவர் 1979-இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது: ஆரம்பத்தில் கூடும் பலத்தில் பெரும்பங்கு நரம்பு மண்டலத்தின் வேலை. இருக்கிற தசை நார்களைக் கூடுதலாக, ஒழுங்காக இயக்க மூளை கற்றுக்கொள்கிறது. தசை பெருப்பது அதற்குப் பின்னால்தான் வருகிறது. அப்படியானால் அந்த வாரங்களில் கண்ணாடி முன்னால் போய் நிற்பவருக்கு என்ன தெரியும்? ஒன்றுமே தெரியாது. "ஒரு மாசமா சாகுறேன், அப்படியேதான் இருக்கேன்" என்று விட்டுவிடுவார். நோட்டில் பார்த்தால் 20 கிலோ 28 ஆகியிருக்கும். இரண்டும் ஒரே உடம்பு. எதைச் சாட்சியாக வைத்துக்கொள்கிறோம் என்பதில்தான் ஆள் தங்குவதும் போவதும் இருக்கிறது. ஆரம்பத்தில் எடை பார்க்கும் மெஷினை நான் அலமாரிக்கு மேலே தூக்கி வைத்ததற்கு இதுதான் காரணம். என் வீட்டுக்காரர் அதை எடுத்து அவர் எடையைப் பார்த்துவிட்டு, அவரும் மேலேயே வைத்துவிட்டார்.

பலம் ஒரு பக்கம் வந்தது. மூச்சு வேறு கதை.

ஞாயிற்றுக்கிழமைகளில் கொடிமலைக்கு (பினாங்கு ஹில்) ஏறத் தொடங்கினேன். தாவரப் பூங்கா வாசலுக்கு அருகிலிருந்து மலையுச்சி வரைக்கும் ஜீப் சாலை போகிறது, ஏறக்குறைய 5 கிலோமீட்டர். தார்ச்சாலைதான், ஆனால் செங்குத்து. சில வளைவுகளில் குதிகால் தரையிலேயே படாது. பினாங்கு வாசிகள் பலர் வாரா வாரம் ஏறுகிற பாதை. முதல் தடவை மூன்றாவது வளைவிலேயே எனக்கு நெஞ்சு இடிக்கத் தொடங்கியது. காதுக்குள் கேட்கிறது. "ஹார்ட் அட்டாக்தான்" என்று முடிவு செய்து ஓரமாகக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்த பிறகு இன்னும் வேகமாக அடித்தது, ஏனென்றால் இப்போது பயமும் சேர்ந்துகொண்டது.

எழுபது வயதிருக்கும் ஒரு சீன ஆண்ட்டி, தலையில் துண்டு, கையில் குடை, என்னைத் தாண்டிப் போனவர் திரும்பி வந்தார். மலாயில் என் பெயரைக் கேட்டார். சொன்னேன். எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். அதையும் சொன்னேன். எங்கே வேலை என்றார். சொல்லி முடித்ததும், "பேச முடியுது, அப்ப ஒன்னுமில்ல. பெலான்-பெலான் லா" என்றார். பெலான்-பெலான் என்றால் மெதுவா, மெதுவா. அவர் என்னோடு அடுத்த இரண்டு வளைவு நடந்தார். குழந்தை நடப்பதைவிடக் கொஞ்சம்தான் வேகம். நெஞ்சு அதே மாதிரிதான் அடித்தது, ஆனால் பயம் இல்லை.

அவருக்குத் தெரிந்து செய்தாரோ தெரியாமல் செய்தாரோ, அது பயிற்சியாளர்கள் பலரும் பயன்படுத்தும் பேச்சுச் சோதனை. ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்ல முடிகிறது, பாட முடியவில்லை என்றால் மிதமான வேகம். இரண்டு மூன்று சொல்லுக்கு ஒரு மூச்சு என்றால் கடும் வேகம், குறைத்துக்கொள்ளலாம். உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்ன கணக்கில் பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 நிமிஷமாவது மிதமான உழைப்பு வேண்டும், அதோடு இரண்டு நாள் தசைப் பயிற்சி. அந்த 150 நிமிஷமும் பேசிக்கொண்டே செய்யக்கூடியதுதான் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

பண்டுராவின் நாலாவது வழி இதுதான் என்று அடுத்த வாரம் தம்பி சொன்னார். துடிப்பு ஒன்றேதான், "ஆபத்து" என்று எடுத்துக்கொண்டால் நம்பிக்கை சரியும், "வேலை நடக்கிறது" என்று எடுத்துக்கொண்டால் நிற்கும். ஆனால் இதைக் கேட்டுவிட்டு எல்லா அறிகுறியையும் வேலை என்று தள்ளிவிடக் கூடாது. நெஞ்சை அழுத்தும் வலி, தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, தலைசுற்றல், கண் இருட்டுதல், நின்ற பிறகும் அடங்காத மூச்சுத்திணறல் இதில் எது வந்தாலும் நிறுத்திவிட்டு டாக்டரிடம் போக வேண்டும். நாற்பதைத் தாண்டியவர்கள், சர்க்கரையோ ரத்தக் கொதிப்போ உள்ளவர்கள், தொடங்குவதற்கு முன்பே ஒரு முறை காட்டிவிடுவது நல்லது. நானும் காட்டினேன். இதயம் சரியாக இருக்கிறது என்று காகிதத்தில் பார்த்தது எந்த ஊக்க வார்த்தையையும்விட அதிகம் உதவியது.

இரவு ஷிப்ட் வாரங்கள்தான் எனக்குப் பெரிய தொல்லை. அதே 28 கிலோ அன்றைக்கு மலையாகக் கனக்கும். "பழையபடி ஆயிட்டேன்" என்று மனசு உடனே தீர்ப்பு எழுதிவிடும். இதற்கும் ஓர் ஆய்வு இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. சாமுவேல் மார்கோரா என்பவரும் அவர் சகாக்களும் 2009-இல் வெளியிட்டது. பதினாறு பேரை 90 நிமிஷம் கம்ப்யூட்டர் முன்னால் கவனம் சிதறாமல் மூளை வேலை செய்ய வைத்தார்கள். இன்னொரு நாள் அதே ஆட்களை அதே நேரம் சும்மா ஆவணப்படம் பார்க்க வைத்தார்கள். பிறகு முடியும் வரை சைக்கிள் மிதிக்கச் சொன்னார்கள். மூளை களைத்த நாளில் ஏறக்குறைய 15 விழுக்காடு சீக்கிரமாக நிறுத்திவிட்டார்கள். இதயத்திலும் தசையிலும் அதற்கான காரணம் எதுவும் இல்லை. உழைப்பு கூடுதலாகத் தோன்றியது, அவ்வளவுதான்.

பன்னிரண்டு மணி நேரம் லைனில் நின்று, ரிஜெக்ட் ஆன போர்டுகளுக்குக் கணக்குக் காட்டி, இரண்டு பேர் எம்.சி. (மருத்துவ விடுப்பு) எடுத்த இடத்துக்கு ஆள் மாற்றிவிட்டு வருகிறவளுக்கு இது எவ்வளவு ஆறுதல் தெரியுமா? என் தசை எங்கேயும் போகவில்லை. அன்றைக்கு மூளை விலையை ஏற்றிச் சொல்கிறது. அதனால் இரவு ஷிப்ட் முடிந்த காலைகளில் நான் என்னைப் பற்றி எந்த முடிவும் எடுப்பதில்லை. எடையைக் குறைத்துப் போடுவேன், செட்டில் ஒன்றை வெட்டுவேன், நோட்டில் "இரவு" என்று எழுதிவிட்டு வந்துவிடுவேன். பிற்பாடு புரட்டிப் பார்த்தால் மோசமான நாள்களில் பெரும்பாலானவற்றின் பக்கத்தில் அந்த ஒரு சொல் இருக்கிறது.

மனசை அன்றன்றைக்குக் கேட்டு முடிவு செய்யாமல் இருக்க இன்னொரு வழி, முன்கூட்டியே வாக்கியமாக முடித்து வைத்துவிடுவது. "இது நடந்தால் அதைச் செய்வேன்" என்ற வடிவத்தில் திட்டம் போடுகிறவர்கள் செய்து முடிக்கும் வாய்ப்பு அதிகம் என்று பீட்டர் கோல்விட்சர் 1999-இல் எழுதினார். என் வாக்கியங்கள்: பகல் ஷிப்ட் முடிந்து ஃபேக்டரி பஸ் ஜெலுத்தோங் வந்தால், வீட்டுக்குப் போகாமல் நேராக ஜிம். மழை பெய்தால், பிளாட் படியில் நாலு மாடி ஏறி இறங்குவது. ஓ.டி. (கூடுதல் நேர வேலை) வந்தால், அன்றைக்குப் பயிற்சி இல்லை, குற்ற உணர்ச்சியும் இல்லை. முதல் வாக்கியத்தில் முக்கியமானது "வீட்டுக்குப் போகாமல்". சோபாவில் உட்கார்ந்த பிறகு எந்த உளவியலும் வேலை செய்யாது.

மனதுக்குள் பேசிக்கொள்வதை முதலில் நான் நம்பவில்லை. விளம்பரத்தில் வருகிற விஷயம் என்று நினைத்தேன். மார்கோராவும் வேறு சிலரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வில் இருபத்து நாலு பேர். பாதிப் பேருக்குத் தமக்குத் தாமே ஊக்கம் சொல்லிக்கொள்ளப் பழக்கினார்கள். இரண்டு வாரத்தில் அவர்கள் களைத்து நிறுத்தும் நேரம் 18 விழுக்காடு தள்ளிப்போனது. மற்றவர்களுக்கு மாற்றமில்லை. கவனிக்க வேண்டியது, அவர்கள் வார்த்தைகளைத் தாங்களே தேர்ந்தெடுத்துப் பழகினார்கள். 2019-இல் வந்த இன்னோர் ஆய்வில், "நான்" என்று சொல்லிக்கொள்வதைவிட "நீ" என்று சொல்லிக்கொண்டவர்கள் சைக்கிளில் 10 கிலோமீட்டரை வேகமாக முடித்தார்கள். எனக்கு "நீ" ஒத்துவருகிறது. அதுவும் அம்மா குரலில். "ஏய், அந்த வளைவு வரைக்கும் போடி, அப்புறம் பேசிக்கலாம்." கொடிமலையில் எனக்குள் ஓடும் முழு மந்திரமும் இதுதான். உச்சியைப் பற்றி நான் எதுவும் சொல்லிக்கொள்வதில்லை. வளைவை நம்ப முடிகிறது, உச்சியை நம்ப முடிவதில்லை. வளைவு போதும்.

நம்ம ஆட்களில் பெரியவர்கள் எத்தனை பேர்! 1997 மே 23-இல் எவரெஸ்டில் கால் வைத்த முதல் மலேசியர்கள் மகேந்திரனும் மோகனதாசும். அடுத்த ஆண்டு கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியில் 50 கிலோமீட்டர் நடையில் தங்கம் எடுத்தவர் சரவணன். 2022-இல் கார் விபத்தில் சிக்கிய சிவசங்கரி அடுத்த வருஷமே ஹாங்சோ ஆசியப் போட்டியில் ஸ்குவாஷ் தங்கத்தோடு நின்றார். பெருமையாக இருக்கிறது, கண் கலங்குகிறது, பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். ஆனால் உள்ளதைச் சொன்னால், இவர்களைப் பார்த்து நான் ஒரு கிலோகூட அதிகமாகத் தூக்கியதில்லை. அவர்கள் அவர்கள், நான் நான். ஜிம்மில் எனக்கு எதிரே டெட்லிப்ட் செய்யும் ஒரு கிளார்க் அக்கா இருக்கிறார். ஐம்பத்திரண்டு வயது, என் உயரம், என் பருமன், எனக்கு இருக்கும் அதே முழங்கால் வலி. அவர் 50 கிலோ தூக்கியதைப் பார்த்த அன்றுதான் "அப்ப எனக்கும் வரும்போல" என்று தோன்றியது. பார்க்கிறவருக்கும் செய்கிறவருக்கும் ஒற்றுமை கூடக் கூட அந்த நம்பிக்கை வேலை செய்யும் என்பது பண்டுரா சொன்னதுதான். ஜிம் தேடும்போது மெஷின் எத்தனை என்று எண்ணாதீர்கள். உங்கள் மாதிரி எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள் என்று பாருங்கள்.

இடையில் நின்றுபோன நாள்களும் உண்டு. தீபாவளி வாரம் முறுக்கோடு போனது. அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த மாதம் நோட்டையே திறக்கவில்லை. இருபத்தொரு நாளில் பழக்கம் வந்துவிடும் என்று சொல்வார்கள், நம்பாதீர்கள். லண்டனில் பிலிப்பா லாலி என்பவர் 2010-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு புதிய பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் ஆனது; ஆளுக்கு ஆள் 18-இலிருந்து 254 நாள் வரைக்கும். ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு இல்லை என்பதும் அதில் தெரிந்தது. திரும்பி வந்த அன்று தம்பி கேள்வி எதுவும் கேட்கவில்லை. பழைய எடையில் பாதியைப் போட்டார். "கடினம் எவ்ளோ அக்கா?" "அஞ்சு." "எழுதுங்க." அங்கிருந்து மறுபடி ஏறியது.

நம்பிக்கை எவ்வளவு தூரம் இழுக்கும் என்று கேட்டால், கொஞ்ச தூரம் நிஜமாகவே இழுக்கும். 1972-இல் பளு தூக்குபவர்களிடம் ஊக்கமருந்து தருகிறோம் என்று சொல்லி வெறும் மாத்திரையைக் கொடுத்தார்கள். பலம் கூடும் வேகம் அதிகரித்தது. 2007-இல் ஹோட்டல் அறை சுத்தம் செய்யும் 84 பெண்களில் ஒரு பகுதியினரிடம், நீங்கள் செய்யும் வேலையே நல்ல உடற்பயிற்சி என்று விளக்கினார்கள்; நாலு வாரத்தில் அவர்கள் எடையும் ரத்த அழுத்தமும் கொஞ்சம் இறங்கின. இந்த இரண்டாவதை நான் முழுக்க வாங்கிக்கொள்ள மாட்டேன். கேட்ட பிறகு அவர்கள் இன்னும் கொஞ்சம் சுறுசுறுப்பாக நடந்திருக்கலாம், சாப்பாட்டைக் கவனித்திருக்கலாம். லைனில் டிராலி தள்ளுவது உடற்பயிற்சி என்று நானும்தான் வருஷக்கணக்காக நினைத்தேன், சர்க்கரை கேட்கவில்லை. தூக்கம், பருப்பு, முட்டை, மீன், படிப்படியாகக் கூட்டும் எடை இவை இல்லாத இடத்தில் நம்பிக்கைக்குப் பிடிமானம் கிடையாது. பால் தேநீரான தே தாரேவைப் பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ கோசோங் ஆக்கியதற்கும் என் ரத்தப் பரிசோதனையில் பங்கு இருக்கிறது. அடுத்த பரிசோதனையில் அளவு இறங்கியிருந்தது. எது எவ்வளவு இறக்கியது என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது, டாக்டரும் கேட்கவில்லை.

போன வாரம் என் லைனில் வேலை செய்யும் பெண் ஒருத்தி கேன்டீனில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முப்பத்தைந்து வயது, இரண்டு பிரசவம், முதுகு வலி.

"அக்கா, கொடிமலைக்கு நானும் வரவா? என்னால முடியுமா?"

"மேல வரைக்குமா? அது தெரியாது. முதல் வளைவு முடியும்."

"அதுக்கு அப்புறம்?"

"அங்க நின்னு பாத்துக்கலாம். ஞாயிறு ஆறரைக்குப் பூங்கா வாசல்ல நில்லு. தண்ணி எடுத்துக்க. நாசி லெமாக் பொட்டலத்தைப் பிளாஸ்டிக் பையில தொங்கவிட்டுட்டு வராதே, குரங்கு பறிச்சிக்கும்."

இறங்குவதற்கு ரயில் இருக்கிறதல்லவா என்று கேட்டாள். 1923-இலிருந்து இருக்கிறது, ஆனால் மேலே போய்ச் சேர்ந்தால்தான் ரயில் என்றேன். பாதி வழியில் "எண்பத்து நாலு" என்று எல்லோரும் சொல்லும் ஓய்விடம் ஒன்று இருக்கிறது, அங்கே தேத்தண்ணி கிடைக்கும் என்பதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் சாதத்தைப் பிசைந்துகொண்டே யோசித்தாள். முதல் நாள் அந்த எண்பத்து நாலு வரைக்கும் போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு நடந்தே திரும்பிவிடுவதாக அவளே முடிவு செய்துவிட்டாள்.